மறதிநோய் உள்ள பெரியவருக்கு எந்த வழியில் இசை: ரேடியோவா, பாட்டுப் பெட்டியா, கூடப் பாடும் ஆளா?

வீட்டில் ஒரு பெரியவருக்கு டிமென்ஷியா என்று தெரிந்ததும் குவியும் அறிவுரைகளில் “பழைய பாட்டுப் போட்டுவிடுங்கள்” என்பது தவறாமல் இருக்கும். டாக்டர் சொல்வார், அடுத்த வீட்டுக்காரர் சொல்வார், வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் காணொளியும் சொல்லும். சொல்வது அத்தோடு நின்றுவிடும். எந்தப் பாட்டு, எதில், எத்தனை மணிக்கு, யார் போடுவது என்பதெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் தலையில் விழும். நம் வீடுகளில் அவர் பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். இல்லாவிட்டால் தானே எழுபதைத் தாண்டிவிட்ட மனைவி.

அதனால் பெரியவருக்குக் கிடைக்கும் பலனை மட்டும் வைத்து இங்கே எந்த வழிக்கும் மதிப்பெண் போடப்போவதில்லை. பார்த்துக்கொள்கிறவரிடமிருந்து அது எவ்வளவு நேரத்தைப் பிடுங்குகிறது, எவ்வளவைத் திருப்பிக் கொடுக்கிறது என்ற கணக்கும் வேண்டும். ஆய்வில் வென்ற வழி வீட்டில் தோற்பது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் குடும்பம்தான் பார்த்துக்கொள்கிறது. முறை மாற்றிக்கொள்ள அங்கே மூன்று ஷிப்ட் ஊழியர்கள் கிடையாது.

எதை எதிர்பார்க்கலாம்?

பெயர் மறந்தவர் பாட்டின் அடுத்த அடியைப் பிசகாமல் பாடுவதைப் பார்த்தால் நினைவே திரும்பிவிட்டது போலத் தோன்றும். திரும்புவதில்லை. நெடுநாள் பழகிய இசையோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள், டிமென்ஷியாவின் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோய் உள்ளவர்களிடம் மற்ற பகுதிகளைவிடக் குறைவாகவே தேய்ந்திருந்ததை ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015-இல் எழுதினார்கள். எஞ்சியிருப்பதைப் பாட்டு எட்டிப் பிடிக்கிறது, போனதைக் கொண்டுவருவதில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு இது பற்றிய தன் மதிப்பீட்டை 2025-இல் புதுப்பித்தது. 15 நாடுகளில் 1,720 பேரை வைத்து நடந்த 30 ஆய்வுகள் அதில் உள்ளன. இசை சார்ந்த சிகிச்சையால் மனச்சோர்வு அநேகமாகக் குறைகிறது. நடத்தைச் சிக்கல்கள் ஒட்டுமொத்தமாகச் சற்றுத் தணியக்கூடும். நினைவாற்றல், பரபரப்பு, முரட்டுத்தனம் ஆகியவற்றில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை. முகம் மலர்கிறது, சோர்வு குறைகிறது என்பதே பெரிய விஷயம் என்று நினைப்பவன் நான். ஆனால் அதற்கு மேல் வாக்குக் கொடுக்கும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். குறிப்பாக, இன்ன ராகம் இன்ன நோய்க்கு என்று அட்டவணை போட்டு விற்கும் தொகுப்புகளை நான் இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. ஓர் அம்மாவுக்குத் தன் கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம் நினைவிருந்தால் அதன் ராகம் எதுவானாலும் சரி. அவர் வாழ்நாளில் கேட்டிராத வீணை ஆலாபனையை மூளைக்கு மருந்தென்று சொல்லி ஒரு மணி நேரம் ஓடவிடுவதில் பொருளில்லை.

இன்னொன்று. நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று இரண்டே நாளில் கத்துகிறார், அடிக்க வருகிறார், தூங்காமல் அலைகிறார் என்றால் பாட்டைத் தேடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வாயால் சொல்லத் தெரியாத பல்வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று காரணம் உடம்பில் இருக்கும். டாக்டரிடம் போங்கள். ஆவேசத்தை அடக்கத் தரப்படும் சில மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-இலேயே எச்சரித்திருக்கிறது. இசை போன்ற வழிகளின் மீது மருத்துவர்களுக்கே அக்கறை வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதற்காக எழுதிக்கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

ரேடியோவும் டிவியும்

மிக மலிவான வழி இதுதான். இன்று எண்பதுகளில் இருக்கும் தமிழர்களுக்கு ரேடியோவோடு உள்ள உறவு சாதாரணமானதல்ல. 1950-களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்திருந்த காலத்தில் இலங்கை வானொலிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த தலைமுறை அது. 1957 அக்டோபரில் விவித பாரதி வந்த பிறகுதான் நம் அரசு வானொலியில் திரைப்பாட்டு தாராளமாகக் கிடைத்தது. குமிழைத் திருகும் பழக்கம் அந்த விரல்களில் இன்னும் இருக்கிறது. நோயின் தொடக்கத்தில், தானே போட்டுத் தானே அணைக்க முடிகிற ஒரு பொருள் வீட்டில் இருப்பது தன்மானத்துக்கு நல்லது.

நோய் முற்றும்போது ரேடியோ காலை வாரிவிடுகிறது. பாட்டுக்கு நடுவே விளம்பரம் அலறுகிறது. இடையில் பேசுகிற குரலைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி என்று நினைத்து, அவருக்குக் காப்பி கொடுத்தாயா என்று கேட்பவர்கள் உண்டு. தனியார் எஃப்எம்களில் ஓடுவது பேரப்பிள்ளைகளின் பாட்டு. டிவியில் பக்திச் சேனலை விடியலிலிருந்து இரவு வரை ஓடவிடுவது இதைவிட மோசம். கேட்காத காதுக்கு அது வெறும் இரைச்சல், கேட்கிற காதுக்குக் களைப்பு. நீங்கள் சமைக்கும் அரை மணி நேரத்துக்குத் துணையாக ரேடியோ இருக்கட்டும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

பாட்டுப் பெட்டி

சரிகம நிறுவனம் 2017-இல் கேரவான் என்ற பெட்டியைக் கொண்டுவந்த பிறகு, அறுபதாம் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் பிள்ளைகள் வாங்கிக்கொடுக்கும் பொருளாக அது ஆகிவிட்டது. பார்வைக்கு அந்தக் கால டிரான்சிஸ்டர். உள்ளே ஆயிரக்கணக்கான பாட்டுகள். இணையம் வேண்டாம், விளம்பரம் இல்லை. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் மகனுக்கு, எதையாவது செய்தோம் என்ற நிம்மதியையும் அது தருகிறது. அந்த நிம்மதியைக் குறைசொல்ல மாட்டேன்.

குறை வேறிடத்தில். ஐயாயிரம் பாட்டில் அப்பாவின் பாட்டு நாற்பது இருக்கலாம். அந்த நாற்பது எப்போது வரும் என்பது அதிர்ஷ்டம். நாகூர் ஹனீபாவைக் கேட்டு வளர்ந்தவருக்கும், வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைக் கோயிலில் பாடி வளர்ந்தவருக்கும், திரையிசையே கேட்காமல் திருப்புகழோடு வாழ்ந்தவருக்கும் அதில் வேண்டியது எவ்வளவு இருக்கும் என்று வாங்கும் முன் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோய் நடுக்கட்டத்துக்கு வந்ததும் பொத்தான்களே குழப்பமாகிவிடும்; எதையோ அழுத்தி ப்ளூடூத்துக்குப் போய்விடும், பெட்டி ஊமையாகிவிட்டது என்று கோபம் வரும். ஆனால் பின்பக்கத்தில் பென்டிரைவ் செருகும் வசதி இருக்கிறது. என்னைக் கேட்டால் பெட்டியின் மிகப் பயனுள்ள பகுதி அதுதான். ஏனென்று அடுத்த வழியில் தெரியும்.

அவருக்கென்றே ஒரு பட்டியல்

ஒருவரின் வாழ்க்கையிலிருந்து அவருடைய பாட்டுகளை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொடுப்பது என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியவர் நியூயார்க்கைச் சேர்ந்த டான் கோஹன். 2006-இல் முதியோர் இல்லங்களுக்கு ஐபாடுகளை எடுத்துச் சென்று தொடங்கினார். ஸ்காட்லாந்தில் சாலி மாக்னஸன் என்ற பத்திரிகையாளர், டிமென்ஷியாவில் தாயை இழந்த பின் 2013-இல் இதே நோக்கத்தோடு ஓர் அமைப்பை உருவாக்கினார். காதில் ஹெட்போன் வைத்ததும் ஒரு முதியவர் விழித்துக்கொள்ளும் காணொளிகள் இந்த ஆண்டுகளில்தான் பரவின.

அந்தக் காணொளிகளை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். அமெரிக்காவில் 54 முதியோர் இல்லங்களில் 976 பேரை வைத்து இந்த முறையைச் சோதித்தபோது, ஊழியர்கள் பதிவுசெய்த பரபரப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் இந்த முறையே வீண் என்று இதற்குப் பொருள்கொள்ள வேண்டியதில்லை. பெரிய நிறுவனத்தில், நேரமில்லாத ஊழியர், யாரோ தயாரித்த பட்டியலை, முடிந்தபோது போட்டுவிடுவதற்கும், மகள் தன் அம்மாவுக்காகத் தேடித் தொகுத்ததைச் சரியான நேரத்தில் போடுவதற்கும் வேறுபாடு இருக்கும் என்றே நினைக்கிறேன். அதை நிரூபிக்கும் எண்கள் என்னிடம் இல்லை. இது என் தீர்ப்பு.

பட்டியலைத் தயாரிப்பதில்தான் இந்த வழியின் உயிர் இருக்கிறது. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்ட பாட்டுகளே பெரும்பாலானவர்களிடம் ஆழமாகத் தங்குகின்றன. ஆகவே “பழைய பாட்டு” என்று பொதுவாகச் சொல்வது போதாது. இன்று 82 வயதானவருக்கு அந்தக் காலம் 1950-களின் நடுவிலிருந்து 1970-களின் நடு வரை: விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணைந்திருந்த ஆண்டுகளும் 1965-இல் அவர்கள் பிரிந்த பிறகு வந்தவையும். 1976-இல் இளையராஜா வந்தபோது இவர் முப்பதைத் தாண்டி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருப்பார். அதே இளையராஜா, இன்று 68 வயதாகும் ஒருவருக்கு, பதினெட்டு பத்தொன்பது வயதில் வந்து சேர்ந்தவர். ஐம்பது வயது மகன் தன் இளமைப் பாட்டை அப்பாவின் பாட்டென்று நினைத்துப் பட்டியல் போடும் தவறு இங்கே எளிதில் நடக்கும்.

திரைப்பாட்டோடு நின்றுவிடவும் வேண்டாம். வயலில் வேலை செய்த அம்மாவுக்கு நடவுப் பாட்டும் கும்மியும் இருக்கும். தென்மாவட்டத்துக்காரருக்குக் கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டு இருக்கும். வட தமிழ்நாட்டுக்காரருக்குத் தெருக்கூத்து. கட்சி மேடைப் பாட்டும் பள்ளிப் பிரார்த்தனைப் பாட்டும் சிலருக்கு எல்லாவற்றையும்விட மேல். இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. பெரியவரின் தங்கையை, மச்சினரை, பழைய அலுவலக நண்பரைக் கேளுங்கள். கேட்கும்போதே எந்தப் பாட்டைப் போடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இறந்துபோன கணவர் பாடிய பாட்டு ஒருத்திக்கு ஆறுதல், இன்னொருத்திக்கு வதை. ஒப்பாரியும் அப்படித்தான். போர்க்காலத்தை ஈழத்தில் கழித்தவர்களுக்கு அந்த ஆண்டுகளின் பாட்டுகளை இன்னும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இருபது பாட்டு போதும். ஒவ்வொன்றாகப் போட்டு முகத்தைப் பாருங்கள். கால் தாளம் போடுகிறதா, உதடு அசைகிறதா, கண் உங்களைத் தேடுகிறதா? வைத்துக்கொள்ளுங்கள். முகம் இறுகினால், எழுந்து நடக்கத் தொடங்கினால், கையால் தள்ளினால் எடுத்துவிடுங்கள். கண்ணீர் வந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள்; அழுதுகொண்டே கேட்க விரும்புகிறவர்கள் உண்டு.

நேரமும் பட்டியலின் பகுதியே. மாலை ஐந்து மணிக்கு “வீட்டுக்குப் போக வேண்டும்” என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக அலைகிறவருக்கு ஐந்து மணிக்குப் பாட்டுப் போட்டால் பயன் குறைவு. அமெரிக்காவில் செவிலியர் ஆய்வாளர் லிண்டா கெர்ட்னர் வகுத்த முறையில், வழக்கமாகக் கலக்கம் தொடங்கும் நேரத்துக்குச் சுமார் அரை மணி முன்பே இசை தொடங்கிவிடும். நான்கரைக்கே தொடங்குங்கள். மறுபக்கமும் இருக்கிறது: எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் 1963-இல் வெளிவந்த சுப்ரபாதம் பல வீடுகளில் விடியலின் ஒலியாகவே ஆகிவிட்டது. ஏற்கெனவே நேரம் குழம்பியிருப்பவருக்கு அதைச் சாயங்காலம் போட்டால் குளிக்கக் கிளம்பிவிடுவார். காலையில் போட்டால் அதுவே கடிகாரம்.

ஹெட்போனா, ஸ்பீக்கரா? மேற்கத்திய இல்லங்களில் பலர் ஒரே கூடத்தில் இருப்பதால் ஹெட்போன் தேவைப்பட்டது. நம் வீட்டில் சிறிய ஸ்பீக்கரே பெரும்பாலும் நல்லது: எல்லோரும் கேட்கலாம், கூடப் பாடலாம், காதில் எதையோ மாட்டிவிட்டார்கள் என்ற பயமும் இல்லை. காது மந்தமானவருக்கு மட்டும், தலைக்கு மேல் வரும் மென்மையான ஹெட்போனைச் சிறிது நேரம் முயன்று பார்க்கலாம். அதற்கு முன் காதுக் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில “கேட்கவில்லை” அதில் தீர்ந்துவிடும். யூடியூபில் போடுவதானால் விளம்பரம் இல்லாத சந்தா வேண்டும். தாலாட்டு முடிந்ததும் சலவைத்தூள் விளம்பரம் கத்தினால் அதுவரை சேர்த்த அமைதி போய்விடும். அதைவிட, அந்த இருபது பாட்டைப் பென்டிரைவில் ஏற்றிப் பெட்டியின் பின்னால் செருகுவது எல்லோருக்கும் எளிது. கணினி தெரியாத பாட்டிகூடப் போட்டுவிடலாம்.

உழைப்பு முதல் சில நாட்களில்தான். பிறகு பட்டியல் அரை மணி நேரத்துக்கு உங்கள் கைகளை விடுவிக்கும். வெளிநாட்டில், தமிழ் தெரியாத ஊழியர்கள் இருக்கும் இல்லத்தில் பெரியவர் தங்கியிருந்தால் இந்த வழி எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடுகிறது. பின்னாளில் கற்ற ஆங்கிலமோ பிரெஞ்சோ நழுவத் தொடங்கியவரிடம் அவர் மொழியில் பேச அங்கே வேறு எதுவும் இருக்காது.

கூடப் பாடுவது

எனக்குப் பிடித்தது இதுதான், ஒளிக்கவில்லை. ஆனால் இதன் விலை என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பின்லாந்தில் டெப்போ சார்கமோ குழுவினர் டிமென்ஷியா உள்ளவரும் பராமரிப்பவருமாக 89 இணைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பத்து வாரம் பாடப் பயிற்சி, இன்னொன்றுக்கு இசை கேட்கப் பயிற்சி, மூன்றாவதற்கு வழக்கமான கவனிப்பு. 2014-இல் வெளியான முடிவின்படி, இசை பெற்ற இரண்டு பிரிவிலும் மனநிலை மேம்பட்டது. பாடியவர்களிடம் குறுகிய கால நினைவிலும் சிறிது முன்னேற்றம் இருந்தது. இன்னும் முக்கியமாக, பராமரிப்பவரின் நலமும் கூடியது. என் கணக்கில் இது கனமான வரி. பாட்டுப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போகிறவருக்கு நேரம் கிடைக்கிறது. கூட உட்கார்ந்து பாடுகிறவருக்கு அந்த மனிதரே சிறிது நேரம் திரும்பக் கிடைக்கிறார்.

ஸ்வீடனில் ஏவா கோட்டெல் ஆராய்ந்தது இன்னும் நேரடியாக வீட்டு வேலையைத் தொடுகிறது. காலையில் முகம் கழுவி உடை மாற்றும் நேரத்தில் பராமரிப்பவர் பாடிக்கொண்டே வேலை செய்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார். வாயால் கட்டளையிடுவது குறைந்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது பெரியவருக்குத் தானாகப் புரிவதுபோல் இருந்தது, இழுபறி தணிந்தது. குளியலறைப் போராட்டத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். “கையைத் தூக்குங்கள், திரும்புங்கள், இல்லை இந்தப் பக்கம்” என்ற இருபது கட்டளைகளுக்குப் பதில் ஒரு கும்மிப் பாட்டு. வார்த்தையைப் புரிந்துகொள்ளும் திறன் தேய்ந்துவரும் மூளைக்குக் கட்டளை ஒரு தேர்வு. பழகிய மெட்டில் தேர்வு எதுவும் இல்லை.

எதைப் பாடுவது? அடி திரும்பத் திரும்ப வருகிற, ஒருவர் சொல்ல மற்றவர் ஏற்றுச் சொல்கிற பாட்டுகளே கை கொடுக்கும். பஜனை நாமாவளி, கும்மி, ஞானப்பாட்டு, குழந்தைக்குப் பாடிய தாலாட்டு. கந்த சஷ்டி கவசத்தை நாற்பது ஆண்டு தினமும் சொன்னவர், தன் மகன் பெயரை மறந்த பிறகும், நீங்கள் தொடங்கினால் தானே நெடுந்தூரம் போய்விடுவார். பாதியில் நின்று அடுத்த சொல்லுக்காகக் காத்திருங்கள். ஆனால் சொல்லிப் பாருங்கள் என்று பரீட்சை வைக்காதீர்கள். வரவில்லையென்றால் நீங்களே பாடித் தாண்டிவிடுங்கள். எனக்குப் பாட வராது என்பது காரணமே இல்லை. உங்கள் சுருதியைக் குறைசொல்லும் நிலையில் கேட்கிறவர் இல்லை. ஒருவேளை பழைய பாட்டு வாத்தியாராக இருந்தால் குறைசொல்வார், அதுவும் நல்ல அறிகுறிதான்.

இனி விலை. ஆஸ்திரேலியா, ஜெர்மனி, நார்வே, போலந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 432 குடும்ப இணைகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்து 2023-இல் முடிவு வந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஐந்து முறை அரை மணி நேரம் இசையோடு ஈடுபடச் சொன்னார்கள். நடத்தைச் சிக்கல்களில், வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டால் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: ஏற்கெனவே முதுகு ஒடிய வேலை செய்கிறவரிடம் கூடுதலாக இன்னொரு அரை மணி நேரக் கடமையைத் திணிக்காதீர்கள். தனியாக நேரம் ஒதுக்கிப் பாடுவதைவிட, எப்படியும் செய்தாக வேண்டிய வேலையோடு பாட்டை முடிச்சுப் போடுங்கள். குளிப்பாட்டும்போது, தலை வாரும்போது, கட்டிலிலிருந்து எழுப்பி நடத்தும்போது. அப்போது பாட்டு நேரத்தைத் தின்பதில்லை, மிச்சப்படுத்துகிறது. களைத்துப்போன நாளில் பாடாமல் பென்டிரைவைப் போடுங்கள்.

பலரோடு சேர்ந்து

ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் 318 பேரை வைத்து நடந்து 2022-இல் வெளியான ஆய்வின் முடிவு பலரையும் புருவம் உயர்த்த வைத்தது. டிமென்ஷியாவும் மனச்சோர்வும் சேர்ந்தவர்களுக்கு, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நடத்திய குழு இசைச் சிகிச்சையைவிட, பொழுதுபோக்காகக் கூடிப் பாடியதே மனச்சோர்வைக் குறைத்தது. பிரிட்டனில் அல்சைமர் சங்கத்தின் ஆதரவில் நடக்கும் பாட்டுக் குழுக்கள் 2003-இல் நியூபெரி என்ற சிறு நகரில் தொடங்கியவை.

நம் ஊரில் இதற்கென்று தனி அமைப்புகள் குறைவு. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் முதியோருக்கான டிமென்ஷியா சேவைகளை நடத்துகிறது. 1992-இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கத்துக்கும் தமிழ்நாட்டில் கிளை உண்டு. பகல்நேர மையம் எங்கே இருக்கிறது, அங்கே பாட்டு உண்டா என்று அவர்களிடம் விசாரிக்கலாம். மையத்துக்கு அனுப்ப முடிந்தால் உங்களுக்குச் சில மணி நேரம் முழுதாக மிஞ்சும். வேறு எந்த வழியும் அவ்வளவு தருவதில்லை. தடையாக இருப்பது பயணம். ஆட்டோவில் ஏற்றி இறக்கும் சிரமத்தில் பெரியவரும் நீங்களும் சோர்ந்துபோனால் லாபம் நஷ்டமாகிவிடும். அதற்குப் பதில் குழுவையே வீட்டுக்கு வரவழைக்கலாம். வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜை செய்யும் பெண்கள், ஜெபக்குழு, மார்கழி பஜனைக்காரர்கள் ஆகியோரிடம் வாரம் ஒரு நாள் இங்கே வந்து பாடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கூச்சத்தை விட்டு, இவருக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அதில்தான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன.

நோய் வரவில்லை, லேசான மறதிதான் என்ற நிலையில் இருப்பவர் நோயைத் தடுக்கப் பாட்டு வகுப்பில் சேரலாமா? சிங்கப்பூரில் டிமென்ஷியா அபாயம் உள்ள 93 பெரியவர்களை இரண்டு ஆண்டு கவனித்தார்கள். சேர்ந்திசையில் பாடியவர்களும், உடல்நலப் பாடம் கேட்டவர்களும் நினைவாற்றலில் ஒரே அளவில்தான் இருந்தார்கள். சேருங்கள், ஆனால் பாடப் பிடிக்கும் என்பதற்காகச் சேருங்கள்.

இசைச் சிகிச்சையாளர்

புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீத் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இசைச் சிகிச்சைக்கென ஒரு கல்வி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முறையாகப் படித்தவர்கள் அங்கிருந்து வெளிவருகிறார்கள். அதே சமயம், நன்றாகப் பாடத் தெரிந்த எவரும் இசைச் சிகிச்சையாளர் என்று பலகை மாட்டிக்கொள்வதையும் பார்க்கிறோம். எங்கே படித்தீர்கள், டிமென்ஷியா உள்ளவர்களோடு மேற்பார்வையில் வேலை செய்திருக்கிறீர்களா, முதல் சந்திப்பில் என்ன பார்ப்பீர்கள், பலன் இல்லையென்றால் எத்தனை வாரத்தில் எங்களிடம் சொல்வீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்தே ஆளை எடைபோட்டுவிடலாம்.

நல்ல சிகிச்சையாளர் பதிவு செய்த பாட்டால் முடியாத ஒன்றைச் செய்வார்: எதிரில் இருப்பவரின் மூச்சுக்கும் அசைவுக்கும் ஏற்ப வேகத்தையும் ஒலியையும் அந்த நொடியிலேயே மாற்றுவார். பேச்சு முழுவதும் போய்விட்டவர், எந்தப் பாட்டுக்கும் முகம் கொடுக்காதவர், பாட்டுக் கேட்டாலே பயப்படுகிறவர் ஆகியோருக்கு இது தேவைப்படும். மற்றவர்களுக்கு வாரம் ஒரு நாள் வந்து போகும் சிகிச்சையாளருக்குத் தொடர்ந்து பணம் கட்டுவதைவிட, சில அமர்வுகளுக்கு மட்டும் அழைத்து, உங்களுக்கே கற்றுக்கொடுக்கச் சொல்வது புத்திசாலித்தனம்.

எந்த வீட்டுக்கு எது?

பார்த்துக்கொள்கிறவர் ஒரே ஆளாக இருந்து, அவருக்கும் உடம்பு சரியில்லையென்றால் பென்டிரைவ் பட்டியலில் தொடங்குங்கள். அதைத் தயாரிக்கும் வேலையை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் தள்ளிவிடுங்கள். பெட்டி வாங்க வைத்திருக்கும் பணத்தைவிட, சித்தியிடமும் பெரியப்பாவிடமும் தொலைபேசியில் கேட்டுப் பட்டியல் எழுத அவர்கள் செலவிடும் நேரம் மதிப்புள்ளது. குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதுமே பெரும்பாடாக இருக்கும் வீட்டில் பாடிக்கொண்டே வேலை செய்வதை முதலில் முயலுங்கள்; செலவில்லை, பிடிக்கவில்லையென்றால் அடுத்த நாளே நிறுத்திவிடலாம். பெரியவர் தனிமையில் வாடுகிறார், மனச்சோர்வுதான் முதல் பிரச்சினை என்றால் குழு. சிகிச்சையாளரைக் கடைசியாக வைக்கிறேன், ரேடியோவைப் பட்டியலுக்கு வெளியே வைக்கிறேன்.

ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கும் பராமரிப்பாளர் இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அவர் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அம்மாவின் பாட்டு அவருக்குத் தெரியாது, சில மாதத்தில் ஆளும் மாறிவிடுவார். அவருக்கு இரண்டு மூன்று பாட்டின் முதல் அடியை மட்டும் கற்றுக்கொடுங்கள். தொடங்கி வைத்தால் போதும், மீதியை அம்மா பார்த்துக்கொள்வார். அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: காலையில் எது, குளிக்கும்போது எது, மாலை நான்கரைக்கு எது, எதைப் போடவே கூடாது, ஒலியை எந்த எண்ணில் வைக்க வேண்டும், என்ன அறிகுறி தெரிந்தால் அணைக்க வேண்டும். நோய் நகர நகர ரசனையும் மாறும், சில வகை டிமென்ஷியாவில் வெகுவாகவே மாறும். ஆகவே அந்தத் தாளைப் பென்சிலில் எழுதுங்கள்.